இறைச்சி கழுவிய தண்ணீர்

சிவரூபினிக்கு எதைக் கண்டாலும் இலேசில் குமட்டாது. வேலை அப்படி. ஸ்கொட்லாந்து மலைகளிலிருந்தும் இங்கிலாந்துக் காடுகளிலிருந்தும் வந்து சேரும் மான் தலைகளைப் பிளந்து, மூளையின் அடித்தண்டிலும் தொண்டை நிணநீர் முடிச்சிலும் ஒவ்வொரு துண்டு வெட்டியெடுத்துச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் அவள் மிருக வைத்தியர். காலையில் தலை வெட்டிய கையை நன்றாகக் கழுவிவிட்டு, மத்தியானம் அதே கையால் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பிசைந்து ரசித்துச் சாப்பிடுவாள். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தால் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள், அக்கா மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீடு முடிந்த மறுநாள், லண்டன் ஹரோல்ட் ஹில்லில் அக்கா வீட்டுக் குளியலறையில் முழந்தாளிட்டு, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள். எடுத்து முடிந்த பிறகும் அருவருப்பு போகவில்லை. அது வயிற்றில் இருந்தால்தானே போவதற்கு.

நடந்ததைச் சொல்வதற்கு முன் அந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நோர்வேயின் மலை உச்சிகளில் காட்டுப் பனிமான்கள் மந்தை மந்தையாக மேய்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அவற்றில் ஒன்றுக்கு ஒரு நோய் கண்டது. மான் மெலியும், வாய் ஒழுகும், காது தொங்கும், மனிதரைக் கண்டால் ஓட வேண்டும் என்பதே அதற்கு மறந்துபோகும், பிறகு சாகும். மூளையை வெட்டிப் பார்த்தால் துளை துளையாக இருக்கும். மருந்து கிடையாது. அதைவிட மோசம், அவித்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. எச்சிலோடு மண்ணில் விழுந்தால் வருடக்கணக்காக அங்கேயே கிடந்து அடுத்த மானைப் பிடிக்கும். செம்மறி மேய்ப்பவர்கள் மலையில் வைத்த உப்புக்கட்டிகளை மான்களும் வந்து நக்கின. ஒன்றின் எச்சிலை மற்றது நக்கி நோய் பரவியிருக்கும் என்று சந்தேகப்பட்டு உப்புக்கட்டிகளையெல்லாம் அப்புறப்படுத்தினார்கள். நோய் கண்ட மந்தையை ஒரு குட்டி மிச்சமில்லாமல் சுட்டும் தீர்த்தார்கள்.

பிரித்தானியத் தீவில் அந்த நோய் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் சிவரூபினியின் பிழைப்பு. நோர்வேப் பக்கம் வேட்டைக்குப் போய்வருபவர்களிடம் சப்பாத்தைக் கழுவு, கத்தியைக் கழுவு, ஒரு கொம்புத் துண்டுகூடக் கொண்டுவராதே என்று ஊர் ஊராகப் போய்க் கத்துவாள். வீட்டுக் கொண்டாட்டங்களிலும் இதையே கத்துவாள். "ரூபி லெக்சர் தொடங்கீட்டாள்" என்று சொந்தக்காரர் தட்டோடு எழும்பி வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

அவளுடைய அண்ணன் விஜயரத்தினம் நோர்வேக்காரன். முதலில் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றான். பிறகு மலையடிவாரத்தில் ஒரு சிறு பட்டணத்துக்கு வந்து டாக்சி ஓட்டினான். அங்கத்தையவர்கள் செய்வதையெல்லாம் தானும் செய்துவிட வேண்டும் என்ற பேராசை அவனுக்கு. பனிச்சறுக்கினான், கால் முறிந்தது. வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினான், துவக்கு வாங்கினான், வருடா வருடம் மலையேறினான். சுட்ட வெடியெல்லாம் கல்லில்தான் பட்டது. இந்த வருடம் முதல்முறையாக ஒரு பனிமான் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து லண்டனில் அவனுக்குத் தங்கையும் ரூபிக்கு அக்காவுமான சிவனேஸ்வரியின் மகள் கம்சிகாவுக்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். தாய்மாமன் வெறுங்கையோடு வருவானா? சங்கிலி கொண்டுவந்தான், பட்டுச்சேலை கொண்டுவந்தான். அதோடு, முழு மானையும் தலை உட்பட உப்புத் தடவி, ஐஸ் பெட்டிகளில் அடைத்து, காரின் பின்பக்கத்தில் ஏற்றி, நாடு நாடாக ஓடிக் கப்பலேறி, ஹாரிச் துறைமுகத்தில் இறங்கினான். இறைச்சி கொண்டுவருவது பற்றி அங்கே எழுதி வைத்திருந்த பலகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே வந்தான். கொண்டாட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே வந்துவிட்டான். அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாளாம்: ரூபிக்கு மட்டும் சொல்லாதேங்கோ, அவள் வந்து கூத்தாடுவாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் எல்லாம் சிறப்பாக நடந்தது. இறைச்சி வைத்துப் பொரித்த ரோல்ஸ் தட்டுத் தட்டாகப் போனது. ஆட்டிறைச்சிபோலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. மிளகு தூக்கலாகப் போட்டிருந்ததால் யாரும் ஆராயவில்லை. சிவரூபினியும் வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். ஞாயிறு பின்னேரம் தான் இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ரயிலேறி, மிச்சச் சாப்பாட்டுக்கென்றே மறுபடி அக்கா வீட்டுக்கு வந்தாள்.

வரவேற்பறையில் அண்ணன் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். அக்கா தேத்தண்ணி ஊற்றினாள். கம்சிகா காலை மடித்துப் போட்டுக்கொண்டு போனுக்குள் கிடந்தாள். சிவரூபினி சூடாக்கிய ரோல் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"இப்ப சொல்லலாம்தானே?" என்று அண்ணன் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். "நேற்று முழுச்சனமும் திண்டு முடிச்சாச்சு. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை."

"என்ன அண்ணை?" என்றாள் சிவரூபினி, வாய் நிறைய.

அவன் போனை நீட்டினான். வீடியோ. சாம்பல் நிற மலை, காற்றின் இரைச்சல், நடுவில் ஒரு பனிமான். அவன் கமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டக் கிட்டப் போகிறான். அது ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, காலை அகட்டி வைத்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. விலா எலும்பு எண்ணலாம்போல் இருக்கிறது. வாயிலிருந்து நூலாக ஒழுகுகிறது.

"பார், எவ்வளவு சாதுவா நிக்குது," என்றான் விஜயரத்தினம். "என்ரை சீவியத்தில இப்பிடி ஒண்டைக் காணேல்லை. சுடு எண்டு எனக்கு முன்னால வந்து நிண்டது ரூபி. முருகன்தான் அனுப்பினவர்."

வாயிலிருந்த துண்டைச் சிவரூபினியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இந்த நிற்பை அவள் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். கடைசியில் கையில் துப்பி, கடதாசியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதின்ரை தலை எங்கை?"

"தலையோ? அவங்களிட்டைக் குடுக்க வேணுமாம். வெட்டிப் பாக்கப் போறாங்களாம், அது முடியுமட்டும் இறைச்சியைத் தொடக் கூடாதாம். ஆரடி குடுப்பான்? தலைக்கறியிலதானே ருசியே."

"சித்தி, பிரெய்ன் எனக்குத்தான் தந்தவை," என்று போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் கம்சிகா. "முட்டை போட்டு. ஸ்க்ரம்பிள்ட் எக் மாதிரித்தான் இருந்தது. இட் வோஸ் ஓகே."

"பெரிசான பிள்ளைக்குச் சத்து வேணுமெல்லே," என்றாள் அக்கா பெருமையோடு. "உளுத்தங்களி வாயில வைக்கிறாளில்லை. மூளையெண்டால் படிப்புக்கும் நல்லம். மாமாவும் பிள்ளைக்கெண்டு பாத்துப் பாத்துக் கொண்டந்தவர்."

அப்போதுதான் சிவரூபினி குளியலறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது மூவரும் அவளை முழித்துப் பார்த்தார்கள். அவளுக்கு அண்ணனின் முகத்தைப் பார்க்கவே கூசியது. அந்த எண்ணெய் மினுக்கும் உதட்டையும், பல்லிடுக்கில் குச்சி விட்டுக் குத்திக்கொண்டிருந்த கையையும் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது. இவனோடு ஒரு வயிற்றில் பிறந்தேனே என்று நினைத்தாள்.

"அது வருத்தம் வந்த மிருகம் அண்ணை. அதாலதான் ஓடேல்லை. உங்களுக்குத் தெரியாதோ? அங்கை எல்லாருக்கும் படிப்பிச்சுத்தானே துவக்குக் குடுக்கிறாங்கள்!"

விஜயரத்தினம் பல் குத்துவதை நிறுத்தினான். குச்சியைத் தட்டில் போட்டான்.

"கொஞ்சம் மெலிவெண்டு கண்டனான்தான். அதாலயும்தான் தலையைக் குடுக்கேல்லை. குடுத்து, அதில ஏதும் இருந்தால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதோ? முழு மந்தையையும் சுட்டுப் போடுவாங்கள். ஆயிரக்கணக்கில. பாவங்கள். அதுகளைக் காப்பாத்தத்தான் நான்..."

"காப்பாத்தினீங்களோ? பொரிச்சுத் திண்டீங்கள்!"

"வாயைப் பொத்தடி," என்றாள் அக்கா. "வந்த இடத்தில அண்ணையோட மல்லுக்கு நிக்கிறாய். இவ்வளவு சனம் திண்டது, ஆருக்கு என்ன நடந்தது?"

இதுவரை எந்த மனிதருக்கும் அந்த நோய் மானிலிருந்து தொற்றியதாகத் தகவல் இல்லை. அது உண்மை, சிவரூபினியும் அதைச் சொன்னாள். தொற்றவே தொற்றாது என்று அடித்துச் சொல்லவும் உலகத்தில் யாரும் தயாராக இல்லை என்பதைச் சொல்லாமல் விழுங்கினாள், ஏனென்றால் கம்சிகா இப்போது போனைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவரூபினி அக்காவிடம் திரும்பினாள்.

"இறைச்சியைக் கழுவின தண்ணியை எங்கை ஊத்தினீங்கள்?"

"இதென்ன விசர்க் கேள்வி? கறிவேப்பிலைக்கும் பூசணிக்கும்தான். சிங்குக்குள்ளை ஊத்தினால் குழாய் அடைக்குமெல்லே. உப்புப் போறதுக்கு நாலைஞ்சு தரம் கழுவினனான், ஒரு கிழமையா வாளி வாளியாத் தூக்கி ஊத்தினனான். தலையை அவிச்ச தண்ணியும் அதுக்குள்ளைதான். பூசணி என்னமா நிக்குது, போய்ப் பார்."

உப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் சிவரூபினிக்கு நோர்வே மலையின் உப்புக்கட்டிகள் நினைவுக்கு வந்தன. சமையலறைக் கதவைத் திறந்து பின்வளவுக்கு வந்தாள்.

ஹரோல்ட் ஹில்லில் மான் வராத வளவு குறைவு. பக்கத்துக் காட்டிலிருந்து புள்ளிமான்கள் கூட்டமாக வந்து தெருவோரப் புல்லில் படுத்துக் கிடக்கும், பஸ் வந்தால்கூட எழும்பாது. வெள்ளைக்காரர்கள் தின்று மிஞ்சிய பாண் துண்டுகளைப் போட்டுப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அக்கா வீட்டு வேலியில் பலகை இரண்டு விழுந்து மாதக்கணக்காகிறது. அத்தான் சிவானந்தன் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வளவு நிறைய மான்கள் நின்றன. மேயவில்லை. பூசணிக் கொடிக்கும் கறிவேப்பிலைச் சாடிக்கும் நடுவே, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கறுத்துப் போயிருந்த மண்ணைச் சுற்றி நின்று, முண்டியடித்துக்கொண்டு, சளக் சளக்கென்று நக்கிக்கொண்டிருந்தன. தாயின் கழுத்துக்குக் கீழே தலையை நுழைத்து ஒரு குட்டியும் நக்கியது.

"இந்தக் கிழமை முழுக்க இங்கைதான் நிக்குதுகள்," என்றாள் பின்னால் வந்த அக்கா. அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "லட்சுமி வந்த மாதிரி. வந்த ஆக்கள் எல்லாரும் கம்சியைச் சேலையோட நிப்பாட்டிப் படமெடுத்தவை."

சிவரூபினி வளவு கூட்டும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். கத்தினாள். மான்கள் நாலடி பின்வாங்கி, நின்று, அவளைப் பார்த்தன. அவள் மூச்சு வாங்கியதும் திரும்ப வந்து நக்கின. நோய் கண்ட மானும் மனிதருக்குப் பயப்படாது, பாண் தின்று பழகிய மானும் பயப்படாது. இவற்றைப் பார்த்து ஒரு முடிவும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றபோது அவள் மனம் ஒரு கணக்குப் போட்டது. வேலியை இன்றைக்கே அடைக்கலாம். மண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்துப் பைகளில் கட்டலாம். ஆய்வுகூடத்துக் கழிவோடு கழிவாக எரிக்கவும் அவளுக்கு வழி தெரியும். அண்ணன் நாளைக்குக் கப்பலேறிவிடுவான். மான் நோய் காட்ட ஒரு வருடமாகும், இரண்டு வருடமாகும். காட்டும்போது அது எங்கிருந்து வந்ததென்று யார் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க வேண்டிய ஆளே அவள்தானே. எவ்வளவு சுத்தமாக யோசிக்கிறேன் என்று தன்னை நினைத்தே அவளுக்குக் குமட்டியது. அண்ணன் மந்தையைக் காப்பாற்றிய இலட்சணமும் இதுதானே.

உள்ளே போய் டீப் பிரீசரைத் திறந்தாள். இன்னும் சமைக்காத கழுத்துப் பகுதி ஒரு பையில், தொண்டையோடு கிடந்தது; சோதிக்க அதுவே போதும். அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நீ போன் அடிச்சியெண்டால் எனக்கு ஒரு தங்கச்சிதான்," என்றான் விஜயரத்தினம்.

"ஓம் அண்ணை. கதிரையில இருங்கோ. அவையள் உங்களிட்டையும் கேப்பினம்," என்றாள் சிவரூபினி.

ஆய்வுகூடத் தலைவி பெர்னடெற் அப்போது தோட்டத்தில் ரோசாச்செடி வெட்டிக்கொண்டிருந்தாளாம். சிவரூபினி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கொண்டுவந்தது யார் என்று மட்டும் கேட்டாள். என் அண்ணன் என்றாள் சிவரூபினி. நீயும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள். ஆட்களை அனுப்புகிறேன், நீ அங்கேயே நில் என்றாள்.

பிறகு நடந்ததை அந்தத் தெரு முழுக்கப் பார்த்தது. வெள்ளை உடுப்புக்காரர் வந்து கூடாரம் அடித்து மண்ணைத் தோண்டினார்கள். பூசணி போனது, டூட்டிங்கில் வாங்கி வந்து அக்கா மூன்று பனிக்காலம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலை சாடியோடு போனது, சட்டி பானை போனது. பிரீசரில் இருந்த கழுத்தில் நோய் இருந்தது. அண்ணன் துவக்கையும் அனுமதியையும் இழந்தான், வழக்கும் உண்டு. அவனுடைய மலையில் மந்தையை என்ன செய்வதென்று நோர்வேக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹரோல்ட் ஹில் மான்களைப் பற்றி ஒருவரும் அதிக நேரம் பேசவில்லை. அந்த வளவுக்கு வந்த கூட்டம் முழுவதையும் சுடுவதென்று முடிவானது. பாண் போட்டு வளர்த்த சனம் தெருவில் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்து அழுதது. யாரோ அக்கா வீட்டுச் சுவரில் முட்டை எறிந்தார்கள், இன்னும் யாரோ எழுதக் கூடாததை எழுதினார்கள். கம்சிகாவுக்குப் பின்னால் மான்கள் நின்ற சாமத்தியப் படங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இணையத்தில் எடுத்துப் போட, போகிற வருகிறவர்களெல்லாம் அதன் கீழே காறித் துப்பினார்கள். அக்கா சிவரூபினியின் நம்பரை அழித்தாள்.

சொந்தக்காரி என்பதால் முதலில் அவளை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். தலைகள் வந்து குவிந்தபோது ஆள் போதாமல் அவளையே கூப்பிட்டார்கள். அவள் போனாள். மேசையில் தலைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, பிடரியில் கத்தியை இறக்கி, எடுக்க வேண்டியதை எடுத்தாள். அந்தக் குட்டியின் தலையும் அவற்றில் இருந்தது. அதன் நாக்கில் மண் ஒட்டியிருந்தது. ஒன்றிலும் நோய் தெரியவில்லை. தெரியாது என்று சுடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். நக்கி ஒரு மாதம்கூட ஆகாத மானில் எதைக் காண்பது? இருந்தும் சுட்டது சரி என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூடி, குப்பையில் போட்டாள். அதற்குப் பிறகு இறைச்சியின் மணமே அவளுக்கு ஆகவில்லை. கையை எத்தனை தரம் கழுவினாலும் மணப்பதுபோல இருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம் சிவரூபினி வீட்டுக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. யூனிபோர்முடன் கம்சிகா நின்றாள். அம்மாவுக்குச் சொல்லாமல் ரயிலேறி வந்திருந்தாள்.

சிவரூபினி அவளை உள்ளே இருத்தி, பால் காய்ச்சிக் கொடுத்தாள். பிள்ளை கோப்பைக்குள் உற்றுப் பார்த்து, மணந்து பார்த்து, பிறகுதான் குடித்தாள். முன்பு அப்படிச் செய்கிற பிள்ளை அல்ல.

"சித்தி, மான் எல்லாத்தையும் செக் பண்ணீட்டீங்களோ?"

"ஓம் மோளே."

"ஒண்டிலயும் இல்லையாம், என்ன? நியூஸில போட்டவங்கள்."

"இல்லை."

"அப்ப என்னையும் செக் பண்ணலாமோ?"

சிவரூபினி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனிதருக்கு வந்ததில்லை, பயப்படாதே என்று பல இடங்களில் பலருக்குச் சொன்னதைத் திரும்பச் சொன்னாள். கம்சிகா பொறுமையாகக் கேட்டாள்.

"தெரியும் சித்தி. கூகிளில பாத்தனான். செக் பண்ண ஏலுமோ எண்டுதான் கேட்டனான்."

மனிதருக்கென்று அப்படி ஒரு சோதனையே யாரும் வைத்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான், அதை அவள் உயிரோடு இருக்கிற எதற்கும் செய்ததில்லை. அதை இந்தப் பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது? கம்சிகாவை இழுத்து நெஞ்சோடு அணைத்து, தலையைத் தடவினாள். உச்சியிலிருந்து கீழே தடவிக்கொண்டு போன கை, இரட்டைப் பின்னலுக்கு நடுவே, மண்டையும் கழுத்தும் சேரும் அந்தப் பள்ளத்தில் வந்து தானாகவே நின்றது. பெருவிரல் இடத்தைத் தேடி அழுத்திப் பிடித்தது, தினமும் கத்தி வைப்பதற்கு முன் பிடிப்பதுபோலவே.

சிவரூபினி நெருப்பில் பட்டவள்போலக் கையை இழுத்தாள். பிறகு அந்தக் கையைச் சட்டையில் தேய்த்தாள், திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"ஏன் சித்தி கையை எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள் கம்சிகா.